துரை உதைத்த கால்

என் அக்காவை ஏமாற்றுவது சுலபம். பழக்கடைக்காரர் அழுகலைக் கீழே தள்ளி மேலே நல்லதாக நாலு அடுக்கிக் கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொண்டு, "பாவம், நல்ல மனுஷன்" என்று வேறு சொல்லிவிட்டு வருவாள். மனிதர்கள் சொல்வதை எல்லாம் நம்புகிறவள், இயந்திரம் என்று வந்துவிட்டால் சொந்தப் புருஷன் சொன்னாலும் நம்ப மாட்டாள். இந்தக் குணத்தை நான் பல வருஷம் கேலி செய்திருக்கிறேன். இப்போது அவ்வளவாகச் செய்வதில்லை.

அவளுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. நீளமான கூடம், வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள், பேசினால் காது கேட்காது. நூல் பிசிறு வெட்டுகிறவளாகப் போனாள், பிறகு காலர் தைத்தாள். ஒருநாள் மெக்கானிக் லீவு போட்டபோது ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தவள், அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை. அங்கே அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். நூல் அறுந்துபோனால் தைக்கிற பெண்கள், "அக்கா, சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணலக்கா" என்று ஆரம்பிப்பார்கள். அக்கா கையைக் காட்டி நிறுத்துவாள்.

"நீ பேசாத. அது பேசட்டும்."

பக்கத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஊசி கீழே இறங்கி, மறுபடி ஏற ஆரம்பிக்கிற அந்த நொடியில், அடியில் இருக்கும் கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். கொக்கி முந்திக்கொண்டாலும் தையல் விழாது, பிந்தினாலும் விழாது. என் அக்காவின் ஆயுசில் பாதி இந்த முந்தல் பிந்தல் பஞ்சாயத்திலேயே போயிருக்கிறது.

அந்தக் கூடத்தின் கடைசியில் வேறு கம்பெனியின் பழைய மெஷின் ஒன்று உண்டு. எல்லா மெஷினின் சக்கரமும் நம் பக்கமாகச் சுற்றினால், அது மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. புதிதாக வருகிற பெண்கள் பழக்கதோஷத்தில் தங்கள் பக்கம் சுற்றி, நூலைச் சிக்கலாக்கி, அழுதுவிட்டுப் போவார்கள். அக்கா அதன் சக்கரத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறாள்.

அத்தான் டவுன் பஸ் டிரைவர். ஒருநாள் வேலை முடிந்து அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்கா, "அண்ணே, உங்க ஃபேன் பெல்ட் கத்துது, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் அது அறுந்து பஸ் நடுரோட்டில் நின்றது. அதற்கு அடுத்த நாளிலிருந்து அக்கா ஏறும் நிறுத்தத்தில் மட்டும் பஸ் தேவைக்கு அதிகமாக நின்றது. அண்ணே என்று கூப்பிட்டவளையே கட்டிக்கொண்டார் என்று இன்றைக்கும் டிப்போவில் அவரை ஓட்டுவார்கள்.

குடி கிடையாது, சீட்டு கிடையாது. அத்தானுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் துரை. ஒற்றைச் சிலிண்டர் வைத்த, நாங்கள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே செய்த, பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் அது. மூட்டை கட்டிய துருவாக வாங்கிவந்து, திருகு திருகாகச் சேர்த்து உயிர் கொடுத்தார். தெருவில் அதற்கு வைத்த பெயர்தான் துரை. "என்ன, துரை இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டுதான் பால்காரர் போவார்.

அந்த வண்டியில் பட்டன் கிடையாது, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். உதைப்பதற்கு ஒரு முறை உண்டு. பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பிளக்கில் நெருப்புப்பொறி விழும். வண்டி வேகமாக ஓடும்போது பொறி முந்தி விழ வேண்டும். ஆனால் காலால் உதைக்கும்போது பிஸ்டன் மெதுவாகத்தான் ஏறும். அப்போது பொறி முந்தினால், வெடிப்பு பிஸ்டனை வந்த வழியே திருப்பி அடிக்கும். கிக்கர் நம் காலைத் திருப்பி உதைக்கும். அதற்காகவே ஹேண்டில்பாரில் ஒரு குட்டி லீவர் இருக்கிறது. முன்னால் தள்ளினால் பொறி முந்தும், பின்னால் இழுத்தால் பிந்தும். லீவரைப் பின்னால் இழு, பிறகு உதை. அத்தானுக்கு இது மந்திரம் மாதிரி. கட்டைவிரல் தானாகப் போய் லீவரை இழுக்கும், அப்புறம்தான் கால் எழும்பும்.

போன வருஷம் துரையின் பொறியே மங்கிப்போனது. பொறியைத் தருகிற மேக்னெட்டோவைக் கழற்றி, வெளியூரில் சுருள் சுற்றிக்கொடுக்கும் ஒருவருக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தது. மாட்டினார், பொறி எப்போது விழ வேண்டும் என்று டைமிங் வைத்தார். புதுப் பொறியாயிற்றே, காலுக்கு எதற்குச் சிரமம் என்று முதல் தடவை நானும் அவரும் தெருச் சரிவில் தள்ளித்தான் கிளப்பினோம். தள்ளிக் கிளப்பும்போது லீவர் முன்னால் இருந்தாலும் பரவாயில்லை. வண்டி என்னமாய் ஓடியது தெரியுமா! ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, வாசலில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு, அக்காவை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று உதைத்தார்.

துரை திருப்பி உதைத்தது. அத்தான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். கணுக்கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

வண்டி ஹேண்டில்பார் தரையில் மோத விழுந்ததால் லீவர் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று. ஆனால் தீர்ப்புச் சொல்லத் தெருவுக்கு அதெல்லாம் தேவையா என்ன? முனைக்கடை மெக்கானிக் சொன்னார்: "காலையில ஜம்முனு ஓடுன வண்டி சார். டைமிங் தப்பா இருந்தா எப்படி ஓடும்? நீங்கதான் லீவர இழுக்க மறந்துட்டீங்க." பக்கத்து வீட்டுக்காரர், "வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். எல்லோரையும் விட அதிகமாக அதை நம்பியவர் அத்தான்தான். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"இழுத்த மாதிரிதான் மச்சான் ஞாபகம். ஆனா இழுத்திருந்தா இப்படி ஆகாதே. அப்ப இழுக்கல. இழுக்காததையே இழுத்ததா நினைக்குது பாரு இந்த மண்டை."

கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தாராளமாக பஸ் ஓட்டலாம் என்றார். அத்தான் ஓட்டவில்லை. டிப்போவில் தற்காலிகமாகச் சாவி எடுத்துக்கொடுக்கும் மேஜையில் உட்காரவைத்திருந்தார்கள், அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

"கால் நல்லா இருக்கு. நம்பிக்கைதான் இல்ல" என்றார். "பின்னாடி அத்தனை பேரு உக்காந்திருப்பாங்க. பிரேக்க மிதிச்சுட்டேன்னு நானே நினைச்சுக்கிட்டு மிதிக்காம விட்டா?"

வீட்டில் அந்தப் பயம் வேறு வேறு வேஷத்தில் வந்தது. கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி இழுத்து, இழுத்தேனா என்று அக்காவைக் கேட்பார். இத்தனை வருஷம் இரைச்சலும் புகையுமான ஊரில் பஸ்ஸை ஊசியில் நூல் கோப்பது மாதிரி ஓட்டிய மனிதர், குழாயை மூடினேனா என்று எழுந்து எழுந்து போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? துரையைப் பழைய பெட்ஷீட்டால் மூடிப் பின்பக்கக் கொட்டகையில் தள்ளிவிட்டார். அந்தப் பக்கமே போவதில்லை.

இப்படியிருக்கும்போது டிப்போ மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார்: "திங்கக்கிழமை ஒரு முடிவு சொல்லிடுங்க. ஸ்டியரிங்கா, நாற்காலியா? நாற்காலின்னா நிரந்தரமாப் போட்டுடறேன். அப்புறம் மாத்திக் கேக்கக் கூடாது." அத்தான் நாற்காலி என்று முடிவெடுத்துவிட்டார். மேஜைக்காரர்களுக்கு வெள்ளைச் சட்டை. இரண்டு எடுத்தும் வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா எனக்கு ஃபோன் செய்தாள். "உடனே வா. பெயிண்ட் கையோட வராத." நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஒரு மாடிப்படிக் கைப்பிடி பாதியில் நின்றது. என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "துரையக் கேக்கப் போறேன்" என்றாள்.

கொட்டகையில் பெட்ஷீட்டை உருவினோம். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டாள். கியரைப் போட்டுப் பின்சக்கரத்தை நான் கையால் சுற்ற, பிஸ்டனோடு கம்பியும் ஏறி இறங்கியது. உச்சி எது என்று பார்த்துக் கம்பியில் அடையாளம் வைத்தாள். அதற்கு எவ்வளவு முன்னால் பொறி விழ வேண்டும் என்று இன்னொரு அடையாளம். மேக்னெட்டோவுக்குள் இரண்டு சின்ன முனைகள் உண்டு, பாயிண்ட் என்பார்கள். அவை பிரிகிற நொடியில்தான் பொறி. தொழிற்சாலையில் சட்டை மடிக்கும்போது நடுவே வைக்கிற மெல்லிய தாளைக் கிழித்து, அந்த முனைகளுக்கு இடையில் செருகினாள். முனைகள் சேர்ந்திருந்தால் தாளைக் கவ்விப் பிடிக்கும். பிரிந்தால் தாள் நழுவும்.

லீவரை முன்னால் தள்ளிவைத்தாள். டைமிங் பார்ப்பது அப்படித்தான். "சுத்து... மெதுவா... இன்னும் மெதுவா, பஸ்ஸா ஓட்டுற?" கம்பி அடையாளத்தைத் தொட்ட அதே இடத்தில் தாள் நழுவியது. மறுபடி செய்தோம். அதே இடம்.

"ரொம்பச் சரியா இருக்கு" என்றேன் உற்சாகமாக. அக்காவின் முகம் விழுந்துவிட்டதைப் பிறகுதான் கவனித்தேன்.

கொட்டகை வாசலில் அத்தான் டீ கிளாஸ்களோடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"நான் வச்ச டைமிங் சரிதானே?"

"சரிதாங்க" என்றாள் அக்கா.

"அப்ப நான்தான்."

கிளாஸ்களைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

"ஏன்க்கா, இதக் கிளறாமயே இருந்திருக்கலாம்ல? அரை சந்தேகமா இருந்தத முழுசாக்கிட்ட."

"வாய மூடிட்டு டீயக் குடி."

என்னுடைய பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. பிறகு, எனக்கா துரைக்கா என்று தெரியாதபடி பேசினாள்:

"லீவர முன்னாடி தள்ளிட்டு முந்திடுச்சுன்னு நாமளே சொல்லிக்கிட்டோம். முந்துச்சான்னு உள்ள யாரு பாத்தா?"

எழுந்தாள். சக்கரத்தை அதே அடையாளத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். முனைகள் அப்போதுதான் பிரிந்து நிற்கும் நிலை. நடுவில் தாளை நுழைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப லீவரப் பின்னாடி இழு. பொறி பிந்தணும். அப்படின்னா முனை மறுபடி மூடிக்கணும், தாளக் கவ்வணும். சரியா?"

சரி என்றேன். இழுத்தேன். அக்கா தாளை விட்டாள்.

தாள் ஆடி ஆடி வந்து என் செருப்பின் மேல் விழுந்தது.

எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. குனிந்து பார்த்தேன்: முனைகள் மூடவில்லை, முன்பைவிட அகலமாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன. லீவர் பின்னாலேயே இருக்க, பின்சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றி முனைகள் எங்கே பிரிகின்றன என்று தேடினோம். பிஸ்டன் உச்சிக்கு வெகு தூரம் கீழே இருக்கும்போதே பிரிந்தது.

"இவ்ளோ சீக்கிரம் நெருப்பு வச்சா யானை காலக்கூட உடைச்சிடும்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "எங்க கடைசி மெஷின்டா இது" என்றாள். "எதிர்ப்பக்கம் சுத்துது."

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. இந்த மேக்னெட்டோக்களில் இரண்டு ஜாதி. ஒன்றில் லீவரிலிருந்து வரும் கேபிளை இழுத்தால் பொறி பிந்தும், மற்றதில் கேபிளை இழுத்தால் முந்தும். வெளியே பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான். சுருள் சுற்றியவர் மேஜையில் நாலு வண்டியின் பாகங்கள் கலந்து கிடந்திருக்கும்; துரையின் மேக்னெட்டோவுக்கு வேறொன்றின் முனைப்பாகத்தைப் பூட்டி அனுப்பிவிட்டார். அத்தான் உள்ளே பார்க்காமல் லீவரைப் பார்த்தே டைமிங் வைத்தார். இத்தனை வருஷமும் முன்னால் என்றால் முந்தல்தானே? அதனால்தான் லீவர் முன்னால் இருந்து ஓடியபோது வண்டி ஜம்மென்று ஓடியது. பின்னால் இழுத்துவிட்டு உதைத்தபோது காலை முறித்தது.

அக்கா உள்ளே ஓடினாள், நான் பின்னாலேயே போனேன். அத்தான் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க வெளிய."

"இரு, அயர்ன் பாக்ஸ்..."

"நான் ஆஃப் பண்றேன். நான் பண்ணினா நம்புவீங்கல்ல? வாங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வண்டி முன்னால் நிறுத்தினாள். ஒன்றும் விளக்கவில்லை. புதுத் தாள் ஒன்றைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே வைங்க. நீங்களே இழுங்க."

வைத்தார். கட்டைவிரல் தானாகப் போய் லீவரை இழுத்தது. தாள் விழுந்தது. கீழே கிடந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, வண்டி அவர் கட்டிய வண்டி.

"அப்படின்னா அன்னிக்கு..."

"அன்னிக்கு இழுத்தீங்க. எப்பவும் போல இழுத்தீங்க. இழுத்ததாலதான் உடைஞ்சுது. மறந்திருந்தா இவ்ளோ பலமா உதைச்சிருக்காது."

அத்தான் அப்படியே கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எலும்பு முறிந்தபோதுகூட அழாத மனிதர். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே, "போதும், போதும்" என்று சொல்லிச் சொல்லி அவளும் அழுதாள். நான் திரும்பிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

மதியம் மூன்று பேரும் சேர்ந்து சரிசெய்தோம். பின்னால் என்றால் முந்தல் என்று கையைப் புதிதாகப் பழக்கலாமே என்றேன். "கை மறக்காதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அதப் போய் நான் எதுக்கு மாத்தறேன்?" என்றார் அத்தான். லீவரைத் தளர்த்தி, ஹேண்டில்பாருக்கு மேலே இருந்ததை அடிப்பக்கமாகச் சுழற்றிவிட்டார். மேலே இருந்தால் முன்னால் போவது, கீழே தொங்கினால் பின்னால் வரும். அசிங்கமாக, வௌவால் மாதிரி தொங்கியது. ஆனால் பின்னால் இழுத்தால் பிந்தியது. டைமிங்கையும் மறுபடி வைத்து, இந்தத் தடவை தாளால் இரண்டு பக்கமும் சோதித்தார். லீவரைப் பின்னால் இழுத்ததும் முனைகள் தாளைக் கவ்விக்கொண்டன. அத்தான் இழுத்துப் பார்த்தார். தாள் கிழிந்தது, விடவில்லை.

முதலில் நான் உதைக்கிறேன் என்றேன். "உன் காலு உடைஞ்சா யாரு பெயிண்ட் அடிக்கிறது?" என்று என்னைத் தள்ளிவிட்டு அவரே ஏறினார். அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். கட்டைவிரல் லீவரைத் தேடிக் கீழே போனது, இழுத்தது. கால் எழும்பியது.

முதல் உதைக்குத் துரை இருமினார். இரண்டாவதற்கு எழுந்துகொண்டார்.

அத்தான் ஓட்டிக்கொண்டு போவார் என்று பார்த்தால், அணைத்தார். மறுபடி இழுத்தார், உதைத்தார், கிளம்பியது. அணைத்தார். மறுபடி. தெருவே எட்டிப் பார்த்தது.

"என்னங்க, பெட்ரோல் என்ன குழாயிலயா வருது?"

"இழுக்கறேனான்னு பாத்துக்கறேன்டி."

திங்கட்கிழமை மேனேஜரிடம் ஸ்டியரிங் என்று சொல்லிவிட்டு வந்தார். சோதனை ஓட்டமெல்லாம் முடித்து, அடுத்த வாரம் வழக்கமான தடத்தில் போட்டார்கள். முதல் நாள் காலை நான் ஏறியபோது, அக்கா டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் தொழிற்சாலைக்கு எதிர்ப்பக்கம் போகிற பஸ் அது.

"நீ எங்கக்கா இதுல?"

"டிக்கெட் வாங்கியிருக்கேன், உனக்கென்ன?"

பஸ் நிறைந்துவிட்டது. நடத்துநர் விசில் கொடுத்தார். அத்தான் கண்ணாடியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஹேண்ட்பிரேக்கைத் தொட்டார். மறுபடி கண்ணாடி, கதவு. பின்னால் யாரோ, "என்னப்பா, இன்னிக்குக் கிளம்புமா?" என்றார். அத்தானின் கை மறுபடி ஹேண்ட்பிரேக்கிடம் போய்ப் பாதியில் நின்றது. கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எடுக்கச் சொல்லுது."

அத்தான் எடுத்தார்.